கரிச்சான் துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் ஓவிய நண்பர் ஒருவரும் சேர்ந்து ஓர் அறிவியல் படக்கதை செய்துகொண்டிருக்கிறோம். அதில் நாயகி தூக்கிக்கொண்டு திரியும் துப்பாக்கிக்குக் கரிச்சான் என்று பெயர் வைத்தேன். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய பருந்தையும் விரட்டிக் கொத்தும் இரட்டைவால் குருவிதான் கரிச்சான். குட்டையான உருவம், சுடும்போது தோளில் படும் உதைப்பு குறைவு, புல்பப் அமைப்பு என்று கதையில் இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். நாயகிக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரே சந்தேகத்துக்கு இருபது தடவை பதில் சொல்லி அலுத்துப்போனதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

புல்பப்னா என்ன சார்? நாய்க்குட்டி பேரு மாதிரி இருக்கு.

சாதாரண ரைபிளில் தோட்டா நிரம்பிய மேகசின், சுட விரலால் இழுக்கும் விசைக்கு முன்னால் இருக்கும். விசைக்குப் பின்னால் தோளில் வைக்கும் கட்டை இருக்கும். அந்தக் கட்டைக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது, தோளுக்கும் கைக்கும் இடைவெளி வேண்டும் என்பதற்காக அது இருக்கிறது. புல்பப்பில் அந்த வெற்றிடத்தை வீணாக்குவதில்லை. மேகசின், தோட்டா அமரும் அறை, முன்னும் பின்னும் ஓடும் போல்ட் எல்லாம் விசைக்குப் பின்னால் போய்விடும். கைப்பிடியும் விசையும் முன்னால் நகரும்.

அடையாளம் காண்பது சுலபம். மேகசின் விசைக்குப் பின்னால் தொங்கினால் புல்பப், முன்னால் தொங்கினால் இல்லை.

குட்டையா வேணும்னா குழலை வெட்டிட்டா போச்சு. எதுக்கு இந்த சர்க்கஸ் எல்லாம்?

வெட்டலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் குழல் நீளம் குறைந்தால் குண்டின் வேகமும் குறையும். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு ஓடக் கிடைக்கும் தூரம் அதுதான். அமெரிக்காவின் எம்16 ரைபிளில் குழல் 508 மில்லிமீட்டர், அதன் குட்டை வடிவமான எம்4-இல் 368. இந்த வித்தியாசத்தில் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தை இழக்கிறது. இவை சுடும் 5.56 மி.மீ. தோட்டாவின் பலமே அந்தச் சின்னக் குண்டின் வேகம்தான் என்பதால் இந்த இழப்பு உறைக்கும்.

புல்பப்பின் ஆசை வேறு. ஆஸ்திரியாவின் ஸ்டைர் ஏயூஜி-யில் குழல் அதே 508 மி.மீ., மொத்த நீளமோ 790 தான். எம்16ஏ1 அதே குழலோடு 986 மி.மீ. நீளம் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு சாண் மிச்சம். கவச வண்டிக்குள் எட்டுப் பேர் முழங்காலை இடித்துக்கொண்டு உட்காரும்போது ஒரு சாண் பெரிய விஷயம்.

இது உங்க கற்பனையா, நிஜத்துல யாராவது வெச்சிருக்காங்களா?

கரிச்சான் கற்பனை. புல்பப் நூறு வயது தாண்டிய யோசனை. 1901-இலேயே தார்னிகிராஃப்ட் கார்பைன் என்று பிரிட்டனில் ஒன்று வந்தது. அதை ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அதே பிரிட்டன் ஈஎம்-2 என்ற புல்பப்பை 1951-இல் படைக்கு எடுப்பதாக முடிவு செய்தது. அதே ஆண்டு சர்ச்சில் ஆட்சிக்கு வந்ததும் முடிவு தலைகீழானது. கூட்டணி நாடுகள் எல்லாம் ஒரே தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும், அதுவும் அமெரிக்கா விரும்பிய பெரிய 7.62 தோட்டாவாக இருக்க வேண்டும் என்பதில் ஈஎம்-2 அடிபட்டுப்போனது. என் பார்வையில் துப்பாக்கி வரலாற்றின் பெரிய சோகங்களில் அது ஒன்று.

யோசனை உண்மையில் காலூன்றியது 1970-களின் பின்பாதியில். ஆஸ்திரியா 1977-இல் ஏயூஜி-யை எடுத்தது, பிரான்ஸ் 1978-இல் ஃபாமாஸை. பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஃபாமாஸுக்கு வைத்த செல்லப்பெயர் ஊதுகொம்பு, பார்த்தால் அப்படித்தான் இருக்கும். 1985-இல் பிரிட்டனின் எஸ்ஏ80 வந்தது. சீனாவின் கியூபிஇசட்-95-ஐ உலகம் கவனித்தது 1997-இல் ஹாங்காங் கைமாறியபோது. சிங்கப்பூர் 1999-இல் சார் 21-ஐ அறிமுகம் செய்தது. இஸ்ரேலின் டாவோர் அதற்குச் சற்றுப் பின்னால். சிங்கப்பூரில் தேசிய சேவை செய்த தமிழ்ப் பையன்கள் சார் 21-ஐத் தோளில் வைத்தவர்கள். இந்தத் தொகுப்பில் பிழை இருந்தால் முதலில் பிடிக்கப்போகிறவர்கள் அவர்கள்தான் என்ற பயம் எனக்கு உண்டு.

உதைப்பே இல்லாத துப்பாக்கி செய்ய முடியாதா? கதைதானே, செஞ்சிடுங்க.

கதையில் மனிதன் பறக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பில் படித்த உந்த அழிவின்மை விதியை மீறினால், அதை நடத்திய இயற்பியல் ஆசிரியர் என்னை மன்னிக்கமாட்டார். குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வந்தே ஆக வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 5.56 குண்டின் எடை 4 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 940 மீட்டர். எடையைக் கிலோவில் வைத்துப் பெருக்கினால் 3.8 அளவு உந்தம். அதோடு சுமார் 1.7 கிராம் வெடிமருந்து வாயுவாக மாறிக் குண்டைவிட வேகமாகக் குழல் முனையில் பீறிடுகிறது. அதன் பங்கு இரண்டுக்கு மேல். மொத்தம் ஏறத்தாழ 6. துப்பாக்கி 4 கிலோ என்றால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். அதில் உள்ள ஆற்றல் 4.5 ஜூல். அதே எடையுள்ள துப்பாக்கியில் 7.62 தோட்டாவைப் போட்டால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும்.

என்.சி.சி. முகாமில் எனக்கு 7.62 எஸ்.எல்.ஆர். ரைபிளில் சுட ஐந்து தோட்டா கிடைத்தது. "தோளோட அணைச்சுப் பிடி, இடைவெளி விட்டா குத்தும்" என்றார் ஹவில்தார். நான் இடைவெளி விட்டேன். அந்த நான்கு மடங்கு என்னவென்று என் வலது தோளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்போ குறைஞ்ச உதைப்புன்னு எதைச் சொல்றீங்க? மேல சொன்ன கணக்கு மாறாதே.

மாறாது. ஆறு என்றால் ஆறுதான். ஆனால் அந்த ஆறை ஒரே அடியாகத் தருகிறோமா, தவணையில் தருகிறோமா என்பது நம் கையில் இருக்கிறது. மாடிக்குச் செங்கல் வீசிக் கைமாற்றுகிறவர்களைப் பாருங்கள். கல் கையில் விழும்போது கையையும் கல்லோடு சேர்த்துச் சற்றே இறக்குவார்கள். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் பெயர்ந்துவிடும். இரண்டிலும் கல்லின் எடையும் வேகமும் ஒன்றுதான்.

தானியங்கித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுடும்போதும் போல்ட் பின்னால் பாய்ந்து, காலி உறையை வெளியே எறிந்து, கடைசியில் பின்சுவரில் மோதித் திரும்பும். தோளுக்குத் தனியாகத் தெரியும் இரண்டாவது குத்து அந்த மோதல். போல்ட்டுக்கு ஓட நீண்ட இடம் கொடுத்து, சுவரில் மோதும் முன்பே சுருள்வில்லே அதை மெல்ல நிறுத்திவிட்டால் குத்து மறைந்து தள்ளலாகிவிடும். மாறாத உதைப்பு முறை என்று இதற்குப் பெயர். இதைச் செய்து காட்டியது சிங்கப்பூரின் அல்டிமாக்ஸ் 100 இலகு இயந்திரத் துப்பாக்கி. வடிவமைத்த ஜேம்ஸ் சல்லிவன் அதற்கு முன் ஏஆர்-15 உருவான குழுவில் இருந்தவர். அல்டிமாக்ஸின் இந்த மூளையையும் சார் 21-இன் உடம்பையும் ஒட்ட வைத்தால் என்ன என்ற நினைப்பில் பிறந்ததுதான் கரிச்சான்.

தள்ளல் எவ்வளவு இருக்கும்? நிமிடத்துக்கு 600 தோட்டா என்றால் நொடிக்குப் பத்து. ஆறு பெருக்கல் பத்து, 60 நியூட்டன். ஆறு கிலோ அரிசிப் பையைத் தோளில் சாய்த்து வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. இதை எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாது, சீராக்க மட்டும் முடியும். (குழல் முனையில் ஒரு விதிவிலக்கு உண்டு. கீழே வருகிறது.) ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: குண்டு கிளம்பும் கணத்தில் வரும் முதல் குத்தில் பெரும்பகுதி இந்த முறையிலும் அப்படியே இருக்கும். போல்ட் எடுத்துச்செல்லும் பங்கைத்தான் தவணையாக்க முடிகிறது.

ரஷ்யாக்காரங்க எதிர் எடை வெச்சு உதைப்பையே காணாம பண்ணிட்டாங்களாமே? அதை ஏன் எடுக்கல?

ஏஈகே-971, ஏகே-107 இரண்டையும்தான் சொல்கிறீர்கள். போல்ட் பின்னால் போகும்போது ஓர் எதிர் எடை முன்னால் போகும், இரண்டையும் ஒரு பற்சக்கரம் இணைத்திருக்கும். போல்ட் ஓடுவதாலும் மோதுவதாலும் வரும் குலுக்கல் அதோடு தீர்ந்தது. குண்டு கிளம்பியதால் வந்த உதைப்பு அப்படியே இருக்கும். காணாமல் போவது குலுக்கல், உதைப்பு அல்ல. பேசுகிறவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

அழகான யோசனைதான். ஆனால் கூடுதல் எடை, கூடுதல் பாகங்கள், சேறு புகுந்தால் சிக்கக்கூடிய ஒரு பற்சக்கரம். எங்கள் கதை நடப்பது புழுதிக் கோள் ஒன்றில்.

ஜெர்மனியோட ஜி11-ஐப் பத்தி ஏன் பேசவே மாட்டேங்கிறீங்க? அதுதானே நிஜமான உதைப்பில்லா புல்பப்?

பேசாமலிருப்பேனா! எனக்கு மிகப் பிடித்த தோல்வி அது. ஹெக்லர் அண்ட் காக் செய்த புல்பப், உலோக உறையே இல்லாத 4.73 மி.மீ. தோட்டா. மூன்று தோட்டாவை நிமிடத்துக்கு 2,000-க்கும் மேற்பட்ட வேகத்தில் சுட்டுவிடும். குழலும் இயந்திரமும் வெளிக்கூட்டுக்குள் மொத்தமாகப் பின்னால் வழுக்கிப்போகும். அது கடைசி எல்லையைத் தொட்டுத் தோளுக்குச் சேதி வருவதற்குள் மூன்று குண்டும் வெளியே போயிருக்கும். ரஷ்யாவின் ஏஎன்-94 இதே தந்திரத்தை இரண்டு தோட்டாவுக்கு, நிமிடத்துக்கு 1,800 வேகத்தில் செய்கிறது.

அதாவது கடனை அடைக்கவில்லை, வசூல்காரன் வருவதற்குள் கடைக்குப் போய்வந்துவிட்டார்கள். மூன்று தோட்டாவின் உதைப்பும் பிறகு மொத்தமாக வந்து சேரும். ஜெர்மனிகள் இணைந்து பனிப்போரும் முடிந்த நேரத்தில் ஜி11-க்கு ஆதரவு வற்றிப்போனது. அதன் உள்பக்கப் படத்தைப் பார்த்தால் துப்பாக்கி என்றே தோன்றாது, சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டது போல் இருக்கும்.

குழல் முனையில நாலு ஓட்டை போட்டா உதைப்பு குறையுமாமே?

உண்மை. நான் மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். மொத்த ஆறில் இரண்டுக்கு மேல் வாயுவின் பங்கு என்று பார்த்தோம். அந்த வாயுவை நேராகப் போகவிடாமல் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னோக்கித் திருப்பினால் அது துப்பாக்கியை முன்னால் இழுக்கும். மற்ற முறைகள் எல்லாம் உதைப்பைப் பங்கிடுகின்றன, இது ஒன்றுதான் மெய்யாகவே கழிக்கிறது. முதல் குத்தையும் தொடுவது இதுதான்.

விலை என்ன? பக்கத்தில் படுத்திருப்பவர் காதும் கண்ணும். ரைபிள் சத்தமே 150 டெசிபலைத் தாண்டும். அதைப் பக்கவாட்டில் திருப்பினால் தோழருக்குத்தான் அர்ச்சனை. புல்பப்பில் குழல் முனை சுடுபவரின் முகத்துக்கும் அருகில் இருப்பதால் இன்னும் மோசம். எனவே கரிச்சானில் சின்னதாக ஒன்றுதான் வைத்திருக்கிறேன்.

முதல் அத்தியாயத்துல 720 மி.மீ., மூணாவதுல 830 மி.மீ.னு போட்டிருக்கீங்க. எது சரி?

மொத்த நீளம் 830தான். முதலில் எழுதியது என் பிழை. கண்டுபிடித்தவர் ஓய்வுபெற்ற கடைசல் பட்டறைக்காரர் ஒருவர். "தம்பி, போல்ட் ஓட நீளமா இடம் வேணும்னு நீயே சொல்ற. புல்பப்புல அந்த இடத்துலதானே தோள் இருக்கு?" என்று கேட்டார். அரை நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புல்பப் குட்டையாக இருப்பதே பின்பக்கத்தை இறுக்கி அடைப்பதால்தான். மாறாத உதைப்பு முறையோ பின்பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. அப்படி எந்தக் கூடுதல் ஓட்டமும் இல்லாத ஏயூஜி-யே 508 மி.மீ. குழலோடு 790 இருக்கும்போது நான் 720 என்று எழுதியது வெறும் ஆசை. அந்த 790-ஓடு நாற்பது மில்லிமீட்டர் கூட்டி 830 ஆக்கினேன். அதுவும் நெருக்கடிதான், ஆனால் சிரிக்கிற மாதிரி இல்லை. ஓவியரும் இரண்டு அத்தியாயத்தைத் திருத்தி வரைந்தார். அவர் என்ன சொன்னார் என்பது அச்சேற்றத் தகாது.

நான் இடது கைப்பழக்கம். கரிச்சானைச் சுட்டா காலி உறை என் பல்லுல படாதா?

எல்லாப் புல்பப்பையும் துரத்தும் கேள்வி. உறை வெளியே வரும் துளை கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் வலது பக்கம் எறியும் துப்பாக்கியை இடது தோளில் வைத்தால் முகத்தில்தான் விழும். பிரிட்டனின் எஸ்ஏ80 இதற்குக் கண்ட தீர்வு: எல்லோரும் வலது தோளிலிருந்தே சுடுங்கள். ஏயூஜி-யில் போல்ட்டை மாற்றி, துளை மூடியை இடம் மாற்றினால் இடது பக்கம் எறியும். ஆனால் பிரித்துப் பூட்ட வேண்டும். சுவரின் இடது ஓரத்திலிருந்து எட்டிச் சுட வேண்டிய அவசரத்தில் அது உதவாது. பெல்ஜியத்தின் பி90-இல் மேகசின் மேலே படுத்திருப்பதால் உறை கீழே விழுகிறது.

கரிச்சானுக்கு நான் எடுத்துக்கொண்டது அதே பெல்ஜியத்தின் எஃப்2000 வழி. காலி உறை குழலுக்கு மேலே உள்ள ஒரு குழாய்க்குள் தள்ளப்பட்டு முன்பக்கம் வெளியே விழும். முதல் சில உறைகள் உடனே வராது, குழாய்க்குள் தங்கி, பின்னால் வருவது தள்ளும்போதோ துப்பாக்கியைச் சாய்க்கும்போதோ உதிரும். நான்காவது அத்தியாயத்தில் நாயகி பதுங்கியிருந்த இடம் காட்டிக்கொடுக்கப்பட்டது இதனால்தான். பலர் அதைத் தற்செயல் என்று நினைத்துவிட்டார்கள்.

தோட்டா உள்ளேயே வெடிச்சா முகம் என்ன ஆகும்?

வெடிக்கும் அறை தாடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பயம் நியாயமானது. சார் 21-இல் இதற்காகவே கன்னம் படும் இடத்தில் கெவ்லார் என்ற உறுதியான இழையால் ஆன தகடு வைத்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதில் புதுமை செய்ய எனக்கு மனமில்லை.

புல்பப் விசை கொழகொழன்னு இருக்கும்னு சொல்றாங்களே?

சொல்பவர்கள் பெரும்பாலும் சரி. விரல் முன்னால் இருக்கிறது, தோட்டாவை அடிக்கும் சுத்தியல் பின்னால் இருக்கிறது. நடுவில் நீண்ட கம்பி ஒன்று இழுபட வேண்டும். பழைய மிதிவண்டியில் பிரேக் பிடித்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். பிடித்ததற்கும் பிடிபட்டதற்கும் நடுவே ஒரு சின்னக் குழப்பம். கரிச்சானிலும் அது உண்டு. நாயகி அதைப் பற்றிப் புலம்பும் வசனம் என் சொந்தக் கருத்து.

நேர்க்கோட்டு அமைப்புன்னா குழல் மேல எகிறாதுன்னீங்க. அப்புறம் ஏன் பக்கத்துல இருக்கறவனை அவ தவறவிட்டா?

நல்ல கண். குழலும் தோளும் ஒரே கோட்டில் இருந்தால் உதைப்பு நேராகத் தோளுக்குள் போகும், முனை மேலே எகிறுவது குறையும். புல்பப்புக்கு இது இயல்பாகவே வாய்த்த நன்மை. ஆனால் கண் தோளுக்கு மேலே இருக்கிறதே! பார்வைக்கருவியையும் உயர்த்தியாக வேண்டும். ஈஎம்-2 காலத்திலிருந்தே இதே கதைதான்.

கரிச்சானில் பார்வைக்கருவி குழலுக்கு ஏழு சென்டிமீட்டர் மேலே. தொலைவில் இது சரிக்கட்டப்படும். ஐந்து மீட்டரில் குறிவைத்த புள்ளிக்கு ஆறேழு சென்டிமீட்டர் கீழேதான் படும். அவள் குறிவைத்தது திருடன் கையிலிருந்த சாவியை, உடைந்தது அதற்குக் கீழே இருந்த பானை. பயிற்சி பெற்றவள் இதைத் தெரிந்து உயர்த்திக் குறிவைத்திருப்பாள். அவள் அப்போது புதியவள்.

இவ்ளோ நல்லதுன்னா ஏன் ஒவ்வொரு நாடா கைவிடுது?

பிரான்ஸ் 2016-இல் ஃபாமாஸுக்குப் பதிலாகச் சாதாரண அமைப்புள்ள எச்கே416-ஐத் தேர்ந்தெடுத்தது. சீனா 2019 அணிவகுப்பில் கியூபிஇசட்-191 என்ற சாதாரண அமைப்பைக் காட்டியது. நியூசிலாந்து ஏயூஜி-யை விட்டது. மேலே இடது கை, விசை, முகம் பற்றிச் சொன்னவை எல்லாம் காரணங்கள்தான். இன்னொன்றும் சேர்ந்தது: குண்டு துளைக்காத தடித்த கவசம் போட்ட பிறகு, தோள்கட்டையை ஆளுக்கு ஏற்றபடி சுருக்கி நீட்ட வேண்டியிருக்கிறது. சாதாரண ரைபிளில் அது எளிது. புல்பப்பின் கட்டைக்குள் இயந்திரமே இருப்பதால் சுருக்க இடமில்லை. மேகசினை அக்குளுக்குக் கீழே தடவி மாற்றுவதும் பலருக்குப் பிடிப்பதில்லை.

எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்பதும் தப்பு. ஆஸ்திரேலியா ஏயூஜி-யையே மெருகேற்றி ஈஎஃப்88 ஆக்கி வைத்திருக்கிறது. குரோவேஷியா விஎச்எஸ்-2 செய்கிறது. என் கருத்தில் புல்பப் தோற்கவில்லை, அதன் ஒரே பெரிய வாதமான நீண்ட குழலுக்குத்தான் மதிப்பு குறைந்தது.

நம்ம ராணுவத்துல புல்பப் இருக்கா?

சிறப்புப் படைகளிடம் டாவோர் இருக்கிறது. கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட் இரண்டும் பயன்படுத்துகின்றன. காலாட்படையின் இன்சாஸ், சிக்716, அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏகே-203 எல்லாம் சாதாரண அமைப்புதான்.

உள்பக்க வரைபடம் அளவோட குடுங்களேன், லேத்ல செஞ்சு பாக்கறேன்.

தரமாட்டேன். அப்படி ஒரு வரைபடமும் இல்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தானியங்கித் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ஆயுதம். அட்டையில் வெட்டிச் செய்யுங்கள், புகைப்படம் அனுப்புங்கள், மகிழ்ச்சியாகப் பார்ப்பேன்.

கடைசி அத்தியாயத்துல அவ ஒத்தைக் கையால சுட்டுக்கிட்டே ஏணியில ஏறுறாளே, அது நடக்குமா?

தூக்கிப் பிடிப்பது நடக்கும். எடையில் பெரும்பகுதி கைப்பிடிக்குப் பின்னால் குவிந்திருப்பதால், தோளில் அழுத்திக்கொண்டால் ஒரு கையாலும் புல்பப்பைத் தாங்கலாம். சாதாரண ரைபிள் அப்படி நிற்காது, மூக்கு கவிழும். ஒரு தோட்டா சுடுவதும் நடக்கும். குண்டு குழலை விட்டுப் போக ஆகும் ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது அரை மில்லிமீட்டர் அளவுதான், முதல் குறி கெடாது.

ஆனால் அவள் முழுத் தானியங்கியில் முப்பது தோட்டாவும் சுடுகிறாள். ஆறு கிலோ அரிசிப் பை மூன்று நொடி விடாமல் தோளைத் தள்ளும்போது, ஒரு கால் ஏணிப்படியில், மறு கை படியைப் பிடித்தபடி... இல்லை, அது நடக்காது. ஓவியருக்கு அந்தக் கட்டம் ரொம்பப் பிடித்திருந்தது, வரைந்துவிட்டார். 720 விவகாரத்துக்குப் பிறகு மறுபடி திருத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.